யானை வேலியின் பச்சை லைற்: நட்எக்ஸில் எல்.ஈ.டி ட்ரைவர் ஏன் கைக்கு வரவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கோ. நெடுங்கேணிப் பக்கம் மாமாவின் வயலைச் சுற்றி யானை வேலி இருக்கிறது. வேலியில் கரண்ட் துடிக்கிறதா இல்லையா என்று காவல் கொட்டிலில் இருந்தபடியே பார்க்க ஒரு பெட்டி செய்கிறீர்கள். ப்ளூ பில் என்ற பெயரில் விற்கிற எஸ்டிஎம்32எஃப்103 போர்ட், அதில் ஓடுவது நட்எக்ஸ் என்ற சின்ன இயங்குதளம். மெனுவுக்குள் போய் எல்.ஈ.டி ட்ரைவருக்கு ‘ஓம்’ போட்டீர்கள். கொம்பைல் ஒரு பிழையும் காட்டாமல் முடிந்தது. போர்டில் ஏற்றியதும் எல்.ஈ.டியும் எரிந்தது. ஆனால் உங்கள் புரோகிராம் ‘/டெவ்/யூசர்லெட்ஸ்’ என்ற கோப்பைத் திறக்கப் போனால் பிழை இலக்கம் 2, அப்படியொன்று இல்லை என்கிறது. வேலி வயரைக் கழற்றி நிலத்தில் போட்டாலும் லைற் எரிந்தபடியே நிற்கிறது. ‘ட்ரைவரை எப்படி எனேபிள் பண்ணுவது, என்ர போர்ட் பழுதா?’ என்று முடித்திருக்கிறீர்கள்.

போர்ட் பழுதில்லை. நீங்கள் எரிக்காத லைற்றை யார் எரித்தது என்று கேட்டிருந்தால் பாதி விடை அங்கேயே வந்திருக்கும். அதை எரித்தது நட்எக்ஸ். அந்த எல்.ஈ.டிக்கு ஏற்கனவே ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், அவன் விட்டுக்கொடுக்கும்வரை உங்கள் ட்ரைவருக்கு அது கிடைக்காது. மிச்சமெல்லாம் இதிலிருந்து கிளம்புகிற விசயங்கள்தான். மெனுவிலும் கோப்புகளிலும் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நான் தமிழ் எழுத்தில் எழுதுவதை வாய்விட்டு வாசித்தால் எது எதென்று பிடிபடும்.

நான் கிளிநொச்சியில் பம்ப் மோட்டர்களுக்கும் தண்ணித் தாங்கிகளுக்கும் கொன்ட்ரோலர் கட்டிக் கொடுக்கிறவன். இதே குழியில் நானும் ஒருக்கால் விழுந்திருக்கிறேன். விசுவமடுவில் ஒரு மிளகாய்த் தோட்டத்துக்குப் பெட்டி செய்து கொடுத்தேன். ‘பச்சை எரிஞ்சா தண்ணி வருது எண்டு அர்த்தம் ஐயா’ என்று சொல்லிவிட்டு வந்தேன். மேசையில் வைத்துப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் மேசையில் நான் தண்ணீரை நிறுத்திப் பார்க்கவே இல்லை. தோட்டத்தில் கிணறு இறங்கி மோட்டர் காற்றை இழுத்துக்கொண்டு ஓடியது, பச்சை ஜோராக எரிந்தது. மோட்டரின் சீல் கருகியது. பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தால், என் புரோகிராம் அந்த எல்.ஈ.டியைத் தொட்டதே இல்லை. ‘நான் ஒழுங்காக பூட் ஆகிவிட்டேன்’ என்று நட்எக்ஸ் சொன்னதை அவர் ‘தண்ணி வருது’ என்று வாசித்திருக்கிறார். பிழை முழுக்க என்னுடையது. யானை வேலியில் இதே பிழை நடந்தால் சேதம் மோட்டர் சீலோடு நிற்காது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நட்எக்ஸில் போர்டில் இருக்கும் எல்.ஈ.டிகளை இரண்டு விதமாகப் பாவிக்கலாம். ஒன்று, இயங்குதளம் தன் நிலையைக் காட்டப் பாவிப்பது. பூட் தொடங்கியது, ஹீப் ஒதுக்கியாயிற்று, இன்ரறப்ட் திறந்தாயிற்று, இப்போது பானிக் (மீள முடியாத பிழை) என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும். அந்தப் போர்டுக்கு எழுதியவர் அதை எந்த எல்.ஈ.டியாகக் காட்டுவது என்று தீர்மானித்திருப்பார். நாலு எல்.ஈ.டி உள்ள டிஸ்கவரி போர்டில் இதை வடிவாகப் பிரித்துக் காட்டலாம். ஒரே எல்.ஈ.டி உள்ள ப்ளூ பில்லில் அதற்கு இடமில்லை: சரியாக பூட் ஆனால் எரியும், பானிக் வந்தால் மினுங்கும், அவ்வளவுதான். இதை ஆளும் சுவிட்சின் பெயர் ‘ஆர்ச் லெட்ஸ்’. எல்.ஈ.டி உள்ள போர்டுகளில் இது பேசாமலே ‘ஓம்’ ஆக இருக்கும். நீங்கள் போடவில்லை, ஆனாலும் அது போட்டுத்தான் இருக்கிறது.

மற்றது, எல்.ஈ.டியை உங்கள் புரோகிராமிடம் கொடுப்பது. இதற்கு ட்ரைவர் இரண்டு பாதியாக இருக்கிறது. மேல் பாதி ‘யூசர்லெட்’. அது /டெவ் இன் கீழ் ஒரு கோப்பாகத் தெரிந்து, திறத்தல், ஐஓகன்ட்ரோல் (சாதனத்துக்குக் கட்டளை அனுப்புதல்) போன்ற கோரிக்கைகளை வாங்கும். சிப்பின் எந்தக் காலில் (பின்) எந்த எல்.ஈ.டி என்று அதற்கு ஒன்றும் தெரியாது. கீழ் பாதி ‘யூசர்லெட் லோவர்’. அது போர்டுக்கான கோட் பகுதியைக் கூப்பிட்டு உண்மையான காலை ஏற்றி இறக்கும். நீங்கள் ஓம் போட்டது மேல் பாதிக்கு மட்டும். கீழ் பாதி, ஆர்ச் லெட்ஸ் அணைந்திருந்தால்தான் மெனுவில் தலையே காட்டும். காணாததை எப்படித் தெரிவுசெய்வது? மெனுவும் ‘இன்னொன்றை அணைத்தால் இது வரும்’ என்று சொல்லாது, பேசாமல் மறைத்துவிடும். கேகொன்ஃபிக் என்ற இந்தத் தெரிவு மெனுக்களோடு எனக்குள்ள பழைய கோபம் இதுதான்.

இதே காரணம் சிலருக்கு வேறு முகத்தோடு வரும். சில போர்டுகளில் கொம்பைல் கடைசிவரை போய், லிங்க் ஆகும் இடத்தில் ‘போர்ட் யூசர்லெட் இனிஷியலைஸ்’ அல்லது ‘யூசர்லெட் லோவர் இனிஷியலைஸ்’ என்ற ஃபங்ஷனைக் காணோம் என்று நிற்கும். ஏனென்றால் எஸ்டிஎம்32 போர்டுகள் பலவற்றின் மேக்ஃபைலில், ஆர்ச் லெட்ஸ் ஓம் என்றால் ‘ஆட்டோலெட்ஸ்’ கோப்பைக் கொம்பைல் பண்ணு, இல்லையென்றால் ‘யூசர்லெட்ஸ்’ கோப்பைப் பண்ணு என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றாக வராது. பிழை வந்தவர் பாக்கியசாலி, அங்கேயே தேடத் தொடங்குவார். உங்களைப் போல ஒன்றும் வராதவர்தான் எரிகிற லைற்றைப் பார்த்து ஏமாறுவார்.

இனிக் கையை வைப்போம். ‘மேக் மெனுகொன்ஃபிக்’ என்ற கட்டளையைக் கொடுத்து உள்ளே போங்கோ. முதலில் ‘போர்ட் செலக்ஷன்’ பகுதியில் ‘போர்ட் எல்.ஈ.டி ஸ்டேற்றஸ் சப்போர்ட்’ என்று ஒரு வரி இருக்கும், அதுதான் ஆர்ச் லெட்ஸ், அதை அணையுங்கோ. இந்த ஒழுங்கு முக்கியம், அதை அணைக்காமல் அடுத்த படி இல்லை. பிறகு ‘டிவைஸ் ட்ரைவர்ஸ்’ உள்ளே ‘எல்.ஈ.டி சப்போர்ட்’. அங்கே எல்.ஈ.டி ட்ரைவர் ஏற்கனவே ஓமில் இருக்கும், அதன் கீழே முன்பு இல்லாத ஒரு வரி, ‘ஜெனரிக் லோவர் ஹாஃப்’ என்று, இப்போது முளைத்திருக்கும். அதற்கும் ஓம். கடைசியாக ‘அப்ளிகேஷன்’ பகுதியில் உதாரணங்களுக்குள் எல்.ஈ.டி உதாரணத்தையும் போடுங்கோ. உங்கள் சொந்தப் புரோகிராமை நம்புவதற்கு முன் அதை வைத்துப் பார்க்கலாம். ஏதாவது வரி தென்படாவிட்டால் மெனுவில் இருந்தபடியே சரிவுக்கோட்டை (/) அழுத்தி அதன் பெயரைத் தேடுங்கோ. எதில் தங்கியிருக்கிறது, அந்த நிபந்தனையில் எது ஓம், எது இல்லை என்று காட்டும். இந்த ஒரு தந்திரம் தெரிந்திருந்தால் நான் விசுவமடு ஐயாவுக்கு மோட்டர் சீல் வாங்கிக் கொடுத்திருக்கத் தேவையில்லை.

வெளியே வந்ததும், உங்கள் தெரிவுகள் பதிவாகும் ‘.கொன்ஃபிக்’ கோப்பில் லெட் என்று தேடிப் பாருங்கோ. ஹாஷ் குறியோடு தொடங்கி, ஆர்ச் லெட்ஸ் ‘இஸ் நொட் செற்’ என்று முடியும் ஒரு வரி இருக்க வேண்டும். பார்வைக்குக் குறிப்பு வரி மாதிரிக் கிடக்கும், ஆனால் அது குறிப்பு அல்ல. கேகொன்ஃபிக் ‘இல்லை’ என்பதை அப்படித்தான் எழுதும். என்னிடம் பழக வந்த ஒரு தம்பி டெஃப்கொன்ஃபிக் (அதே தெரிவுகளின் சுருக்கப் பதிவு) கோப்பைத் ‘துப்புரவாக்கும்போது’ இந்த வரியை வெட்டி எறிந்துவிட்டார். அதன் இயல்பு நிலை ஓம் என்பதால் அடுத்த தரம் கொன்ஃபிகர் பண்ணியபோது நட்எக்ஸ் எல்.ஈ.டியைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. அரை நாள் போனது. ஆகவே அந்த வரியைத் தொடாதேயுங்கோ. எல்லாம் சரிவந்ததும் ‘மேக் சேவ்டெஃப்கொன்ஃபிக்’ கொடுத்து, அதில் வருவதை உங்கள் போர்டின் கொன்ஃபிக் கோப்புறையில் பிரதி வையுங்கோ. டிஸ்ட்கிளீன் கொடுத்தால் .கொன்ஃபிக் போய்விடும். சுவிட்ச் மாற்றிய பிறகு ஒரு தரம் ‘மேக் கிளீன்’ கொடுத்துவிட்டுக் கொம்பைல் பண்ணுவதும் நல்லது. பழைய காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு இன்னொன்று: அவற்றில் ‘கொன்ஃபிக்ஸ்’ கோப்புறைக்குள் போ என்பார்கள். நட்எக்ஸை எழுதிய கிரெகரி நட் அதை 2007இல் வெளியிட்ட காலத்தில் இருந்து வந்த அந்தக் கோப்புறை 2019 அளவில் ‘போர்ட்ஸ்’ என்று மாறியது. அந்த வருடக் கடைசியிலேயே நட்எக்ஸ் அப்பாச்சி அமைப்பின் கீழ் போனது. அதற்கு முந்திய வழிகாட்டிகளில் பாதை மாறியிருக்கும், தத்துவம் மாறவில்லை.

இவ்வளவும் செய்தும் கோப்பு வராமல் போக இன்னொரு வழி இருக்கிறது. ட்ரைவரைக் கொம்பைல் பண்ணினால் மட்டும் /டெவ் இல் கோப்பு முளைக்காது, யாராவது அதைப் பதிய வேண்டும். போர்டின் ‘பிரிங்அப்’ கோப்பில், யூசர்லெட் ஓம் என்றால் /டெவ்/யூசர்லெட்ஸ் என்ற பெயரில் பதி என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பிரிங்அப் ஃபங்ஷனையும் யாராவது கூப்பிட வேண்டும். பூட் ஆகும்போதே கூப்பிட ‘போர்ட் லேற் இனிஷியலைஸ்’ என்ற தெரிவு இருக்கிறது. இல்லாவிட்டால் நாங்கள் கட்டளை அடிக்கிற என்எஸ்எச் ஷெல் தொடங்கும்போது அதன் ஆர்ச்இனிட் தெரிவு வழியாகக் கூப்பிடும். ஷெல் வேண்டாம், என் புரோகிராம் நேரே தொடங்கட்டும் என்று தொடக்கப் புள்ளியை மாற்றுகிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஷெல் போனதோடு அது செய்துகொண்டிருந்த பதிவு வேலையும் போய்விடும். முதலில் ஷெல்லோடு சரிபார்த்து, பிறகு லேற் இனிஷியலைஸை ஓம் ஆக்கி, அதற்குப் பிறகுதான் ஷெல்லைக் கழற்றுங்கோ.

சரிபார்ப்பு சுகம். யூஎஸ்பி சீரியல் வயரை 9, 10 இலக்க ஏ கால்களில் கொடுத்து ஷெல்லைத் திறந்து, ‘எல்எஸ் /டெவ்’ அடியுங்கோ. கொன்சோல், நல், டிடிவைஎஸ்0 ஆகியவற்றோடு யூசர்லெட்ஸ் என்ற பெயரும் வந்தால் சொந்தக்காரன் மாறிவிட்டான். பிறகு ‘லெட்ஸ்’ என்று அடித்தால் உதாரணப் புரோகிராம் ஓடி, எத்தனை எல்.ஈ.டி ஆளக்கூடியவை என்று ஒரு ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட) எண்ணில் சொல்லும். ஒரு எல்.ஈ.டி என்றால் 0x1, இரண்டென்றால் 0x3. பிட் ஒவ்வொன்றும் ஒரு எல்.ஈ.டி. உங்கள் சொந்தப் புரோகிராமில் எழுதும்போது ஒரு நுணுக்கம்: ஒரே எல்.ஈ.டியை மாற்றும் ‘செற்லெட்’ கட்டளைக்கு ஒரு ஸ்ட்ரக்சரின் முகவரியைக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றும் ‘செற்ஓல்’ கட்டளைக்கு பிட் தொகுதியின் பெறுமதியையே நேராகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரிக் கொடுத்தால் கொம்பைலர் பேசாமல் விட்டுவிடும், லைற்தான் கண்டபடி எரியும்.

அடுத்து, லைற் தலைகீழாக எரிந்தால் பதறாதேயுங்கோ. ப்ளூ பில்லின் எல்.ஈ.டி சி13 என்ற காலில் இருக்கிறது. அதன் ஒரு முனை 3.3 வோல்ட்டிலும் மறுமுனை அந்தக் காலிலும். ஆகவே காலைத் தாழ்த்தினால் எரியும், உயர்த்தினால் அணையும். இது யாரோ விளையாட்டாகச் செய்ததல்ல. இந்தச் சிப்பில் சி13, சி14, சி15 ஆகிய மூன்று கால்களும் உள்ளே ஒரு மெல்லிய பவர் சுவிட்ச் வழியாகத்தான் ஊட்டப்படுகின்றன. அவை 3 மில்லி அம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது, எல்.ஈ.டி எரிக்கக் கரண்ட் வெளியே தள்ளவே கூடாது என்று சிப்பின் டேற்றாஷீற் எழுதிவைத்திருக்கிறது. அதனால்தான் தள்ளாமல் இழுக்கிற மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். ‘ஒன்று என்றால் எரி’ என்ற உங்கள் சொல்லை ‘காலைத் தாழ்த்து’ என்று மாற்ற வேண்டியது போர்டுக்கான யூசர்லெட்ஸ் கோப்பு, உங்கள் புரோகிராம் அல்ல. புரோகிராமில் திருப்பிப் போட்டுச் சமாளித்தால் இன்றைக்கு வேலை செய்யும், நாளைக்குப் போர்ட் மாறும்போது மறந்துபோகும்.

இன்னொரு விசயம், போர்டில் இருக்கும் அந்த எள்ளுப் போன்ற எல்.ஈ.டி கொட்டிலில் இருந்து தெரியப்போவதில்லை. அதற்காக சி13இலேயே பெரிய லைற்றைக் கொழுவாதேயுங்கோ, மேலே சொன்ன 3 மில்லி அம்பியரை நினையுங்கோ. பி12 மாதிரி ஒரு சாதாரணக் காலை எடுத்து, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு பிசி547 ட்ரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுத்து, அது வேலிப் பற்றறியின் 12 வோல்ட்டில் எரியும் பனல் லைற் ஒன்றை நிலத்துக்கு இழுக்கட்டும். பேஸுக்குப் போவது (3.3 - 0.7) / 1000, அதாவது 2.6 மில்லி அம்பியர். 20 மில்லி அம்பியர் லைற்றுக்குத் தாராளம். அந்த ட்ரான்சிஸ்டரின் எல்லை 100 மில்லி அம்பியர், அதற்கு மேற்பட்ட லைற் என்றால் மொஸ்ஃபெற் பாருங்கோ. பேஸுக்கும் நிலத்துக்கும் இடையில் 10 கிலோ ஓம் ஒன்று போட்டால், சிப் ரீசெற்றில் இருக்கும்போது லைற் பாதி எரிந்து குழப்பாது. நட்எக்ஸுக்கு இந்தப் புது லைற்றை அறிமுகப்படுத்த மூன்று இடம் தொட வேண்டும். போர்ட்.எச் கோப்பில் எல்.ஈ.டி எண்ணிக்கையை 2 ஆக்கி, இரண்டாவதுக்கு இலக்கமும் பிட்டும் கொடுங்கோ. போர்டின் சொந்த ஹெடரில் பி12ஐ வெளியீட்டுக் காலாக வரையறுங்கோ. யூசர்லெட்ஸ் கோப்பில் கால்களின் பட்டியலில் அதைச் சேருங்கோ. கவனிக்க வேண்டியது, இந்த லைற் காலை உயர்த்தினால் எரியும், சி13 தாழ்த்தினால் எரியும். ஆகவே தலைகீழாக்கும் வரி ஒவ்வொரு எல்.ஈ.டிக்கும் தனியாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்டால் ஒன்று எப்போதும் பொய் சொல்லும்.

இனி, நீங்கள் கேட்காதது. லைற்றை என்னவென்று எரிக்கப் போகிறீர்கள்? ‘வேலி சரி என்றால் பச்சை எரியட்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் செய்யமாட்டேன். புரோகிராம் பச்சையை எரியவிட்டு அடுத்த வரியில் தொங்கிப்போனால், பச்சை விடியும்வரை எரியும். காலபோக நெல்லுக் கதிர் முற்றுகிற மாதத்தில், நித்திரைக் கண்ணோடு எட்டிப் பார்க்கிற மனிசனுக்கு எரிகிற பச்சை என்றால் திரும்பப் படுக்கலாம் என்று அர்த்தம். வேலி மெசின் செக்கனுக்கு ஒன்று என்ற அளவில் துடிப்பு விடுகிறது. அந்தத் துடிப்பு ஒவ்வொன்றையும் உணரும்போது மட்டும் லைற்றை 100 மில்லி செக்கன் எரித்து அணையுங்கோ. வேலி துடித்தால் லைற் துடிக்கும். வேலி நின்றால் நிற்கும். புரோகிராம் தொங்கினால் ஒன்றில் விடாமல் எரியும், அல்லது இருண்டு கிடக்கும், எப்படியும் மினுங்காது. இதற்காக லைற்றை ஒரு தனி த்ரெட்டிலோ பிடபிள்யூஎம்மிலோ மினுங்க விடக் கூடாது. அப்படி விட்டால் துடிப்பை உணரும் பகுதி செத்தாலும் லைற் தன்பாட்டில் மினுங்கிக்கொண்டிருக்கும், பழைய கதைக்கே திரும்பிவிடுவோம். துடிப்பை உணர்கிற அதே இடத்தில், அதே ஓட்டத்தில் லைற் மாற வேண்டும். ஐந்து செக்கன் துடிப்பில்லை என்றால் சிவப்பு ஒன்றையோ பசரையோ போடலாம். ஆள் எழும்ப லைற்றை விடப் பசர் நல்லது.

ஆர்ச் லெட்ஸை அணைத்ததில் ஒரு நட்டமும் இருக்கிறது: பானிக் வந்தால் மினுங்கிக் காட்டிய லைற் இனி இல்லை. அதனால் நான் மேசையில் வேலை செய்யும் நாட்களில் அதை ஓமிலேயே வைத்திருப்பேன், பெட்டிக்குள் பூட்டும்போதுதான் அணைப்பேன். வயலில் அதற்குப் பதிலாக இரண்டு. ‘போர்ட் ரீசெற் ஒன் அசேட்’ என்ற தெரிவு, பானிக் வந்தால் தானாகவே திரும்ப பூட் ஆகும். மற்றது சிப்பில் உள்ள தனி வோச்டோக், அதாவது புரோகிராம் இடைக்கிடை தட்டிவிடாவிட்டால் சிப்பை ரீசெற் பண்ணும் மணிக்கூடு. அது தன் சொந்த 40 கிலோஹேர்ட்ஸ் மணியில் ஓடுகிறது, ஆகக்கூடியது 26 செக்கன் வரை பொறுக்கும். உங்கள் பிரதான ஓட்டம், துடிப்பு வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தட்டிவிட வேண்டும். துடிப்பு வந்தால் மட்டும் தட்டுவேன் என்று எழுதிவிடாதேயுங்கோ. வேலி அறுந்த நேரத்தில், பசர் அடிக்க வேண்டிய நேரத்தில், பெட்டி அரை நிமிசத்துக்கு ஒருக்கால் ரீசெற் ஆகிக்கொண்டிருக்கும்.

எல்.ஈ.டி பட்டி போட்டால் வடிவாக இருக்குமே என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். டபிள்யூஎஸ்2812 வகைப் பட்டிக்கு நட்எக்ஸில் வேறு ட்ரைவர், எஸ்பிஐ வழியாக. யூசர்லெட்டோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஒவ்வொரு எல்.ஈ.டியும் முழு வெள்ளையில் 60 மில்லி அம்பியர் வரை குடிக்கும். சோலரில் நிற்கிற பற்றறிக்கு அது தேவையில்லாத பாரம், விடுங்கோ.

ராஸ்பெரி பையிலோ வேறு லினக்ஸ் போர்டிலோ இதே வேலை செய்கிறவர்களுக்கும் சொந்தக்காரன் பிரச்சினை இருக்கிறது, பெயர்தான் வேறு. அங்கே ஒவ்வொரு எல்.ஈ.டிக்கும் சிஸ் கோப்புறையில் ‘ட்ரிகர்’ என்று ஒரு கோப்பு. அதில் ஹார்ட்பீற் என்றோ மெமரி கார்ட் என்றோ ஒன்று பிடித்திருந்தால் நீங்கள் பிரைட்னஸில் எழுதியதை அது மேலெழுதிவிடும். ‘நன்’ என்று எழுதினால் கைக்கு வரும். அங்கே ஒரு வசதி, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். நட்எக்ஸில் திரும்பக் கொம்பைல் பண்ண வேண்டும்.

இதில் எது உறுதி, எது என் ஊகம் என்று சொல்லிவிடுகிறேன். ஆர்ச் லெட்ஸ் ஓமில் இருந்தால் அந்த எல்.ஈ.டி கேர்னலுடையது, கீழ் பாதி மெனுவில் வராது, சி13இன் எல்லை 3 மில்லி அம்பியர்: இவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் பிழைக்குக் காரணம் இதுதான் என்பது, நீங்கள் எழுதிய அறிகுறிகளை வைத்து நான் சொல்வது. லைற் தானாக எரிவதும் கோப்பு இல்லாததும் ஒன்றாக வந்தால் பெரும்பாலும் இதுதான், ஆனால் பிரிங்அப் கூப்பிடப்படாததும் சேர்ந்திருக்கலாம். உங்கள் போர்ட் அசலா போலியா என்பதும் படத்தில் பிடிபடவில்லை. ப்ளூ பில் என்று விற்பவற்றில் வேறு சிப் ஒட்டி வருவதும் உண்டு, எல்.ஈ.டி வேறு காலில் இருப்பதும் உண்டு. மல்ரிமீற்றரின் கண்டினியூற்றியில் வைத்து, எல்.ஈ.டியின் கால் சி13க்குத்தான் போகிறதா என்று ஒருக்கால் தொட்டுப் பாருங்கோ.

வேலிப் பக்கம் என் துறை இல்லை, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அந்தத் துடிப்பு பல ஆயிரம் வோல்ட். வேலிக் கம்பியில் இருந்து ஒரு வயரை இழுத்து ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுச் சிப்புக்குக் கொடுக்கிற படத்தை நீங்கள் கீழே ஒட்டியிருந்தீர்கள். அதைச் செய்யாதேயுங்கோ. கம்பியைத் தொடாமல், பக்கத்தில் ஓடும் காப்பிட்ட வயரில் தூண்டப்படுகிற சிறு மின்னை எடுத்து, ஒப்டோகப்ளர் (வெளிச்சத்தால் மட்டும் சைகையைக் கடத்தி இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் சிறு சிப்) ஒன்றுக்குப் பின்னால் நின்று உணருங்கோ. மெசினைக் கழற்றாமல் வேலியில் கை வைக்காதேயுங்கோ. வேலி மெசின் பொருத்தித் தந்தவரிடம் இந்தப் பகுதியைக் காட்டிவிட்டுக் கொழுவுவது புத்தி.

முதலில் ஸ்டேற்றஸ் லைற்றை அணைத்து, கீழ் பாதிக்கு ஓம் போட்டு, வேலி கீலி ஒன்றும் இல்லாமல் மேசையில் வைத்து ஏற்றுங்கோ. பூட் ஆனதும் சி13 தானாக எரிகிறதா, ‘எல்எஸ் /டெவ்’ என்ன காட்டுகிறது, .கொன்ஃபிக்கில் லெட் உள்ள வரிகள் எவை, இந்த மூன்றையும் இங்கே போடுங்கோ. மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.